அறுபத்திரண்டில் வரும் நடுக்கம்

பியூலா சிஸ்டர் வண்டியை நிறுத்தி
இறங்காமலே சொன்னார்:
"எனக்க வண்டி நடுங்குகு.
நாலு இடத்தில காட்டியாச்சு.
நாலு பேரும் ஒண்ணும் இல்லேன்னாச்சு."

பின்சீட்டில் ஒரு கவர் நிறையப் பில்கள்.
பிளக், காயில், எஞ்சின் மவுண்ட், வீல் பாலன்ஸ்.
மார்த்தாண்டத்தில் ஒருவர்
சீட் கவரைக்கூட மாற்றியிருந்தார்.

ஏறும்போதா, எடுக்கும்போதா, நிறுத்தும்போதா?
"இல்ல. எல்லாம் நல்லா போய்க்கிட்டிருக்கும்போ.
தோவாளை தாண்டினா. அறுபத்திரண்டு, அறுபத்தஞ்சு.
ரோட்டோரம் வரி வரியா மேடு போட்டிருப்பாவ இல்லியா,
அதுக்க மேல ஓடுகது போல.
ரெண்டு மூச்சு விடுக நேரம். பிறவு நிண்ணு போவும்."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

நாலு பேரும் பொய் சொல்லவில்லை.
அழகியமண்டபத்திலிருந்து மேற்கே களியக்காவிளை வரை
ஒரு நிமிஷம் ஒரே வேகத்தில் ஓட
ரோடு எங்கே இருக்கிறது?
வளைவு, குழி, பஸ், குருசடி, மறுபடி வளைவு.
அந்த கிளட்ச் இந்தப் பக்கம்
ஒருநாளும் பிடித்திருக்காது.
பிடிக்காத கை எப்படி நடுங்கும்?

எண்ணெய்க்குள் எதிரெதிரே இரண்டு விசிறி.
ஒன்று எஞ்சினோடு, மற்றது சக்கரத்தோடு.
தொட்டுக்கொள்வதில்லை.
இது தள்ளும் எண்ணெயில் அது சுழலும்,
எப்போதும் கொஞ்சம் பிந்தி.
வேகம் நிலைத்த பிறகுதான்
ஒரு தட்டு நகர்ந்து வந்து இரண்டையும் பூட்டும்.
பூட்டவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல்
விநாடிக்குப் பத்து இருபது தடவை
தட்டு மனம் மாறினால்
அதுதான் சிஸ்டர் சொன்ன வரிமேடு.

ஸ்கேனரைச் சொருகினேன்.
ஐந்தாவது ஆளாக அதுவும்
ஒன்றுமில்லை என்றது.

"நீங்களே ஓட்டுங்க," என்றேன்.
நான் ஓட்டினால் மிதித்துவிடுவேன்.
மிதித்தால் பூட்டு திறந்துகொள்ளும்,
வண்டி யோக்கியனாகிவிடும்.

வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம், வெள்ளமடம்.
ஒன்றுமில்லை.
தோவாளையில் பூ ஏற்றிய டெம்போவைத் தாண்டி
அறுபது.
அறுபத்திரண்டு.
வந்தது.
டேஷ்போர்டில் தொங்கிய ஜெபமாலை
தன்னைத்தானே உருட்டிக்கொண்டது.

"ஆக்சிலேட்டரை விடாதீங்க.
இடது காலால பிரேக்கைத் தொடுங்க. அமுக்காண்டாம்.
பின்னால சிவப்பு விளக்கு எரிஞ்சா போதும்."
தொட்டார்.
நின்றது.
ஆர்பிஎம் முள் இருநூற்றைம்பது ஏறியது.
காலை எடுத்தார். முள் இறங்கியது. வந்தது.
மூன்றாம் முறை நான் சொல்லாமலே தொட்டார்,
சிரித்தார்,
சிரிப்பை நிறுத்தி ரோட்டைப் பார்த்தபடி
"அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார்.

வீட்டில் அவருக்குப் பிரஷர் என்று முடிவுகட்டி
மாத்திரையே வாங்கி வைத்திருந்தார்களாம்.

எண்ணெயை வெள்ளைத் துணியில் சொட்டினேன்.
சிவப்பு போய்க் கட்டன்காப்பி நிறம்.
தீய்ந்த மரச்சீனி வாசம்.
இந்த வண்டிக்கு ஆகாத எண்ணெயை யாரோ
மலிவுக்கு ஊற்றியிருக்க வேண்டும்.
"கன்வெர்ட்டர் மாத்தினா அறுபதாயிரம்.
முதல்ல எண்ணெய மாத்துவோம்.
போவும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."
இரண்டு தடவை வடித்து, இரண்டு தடவை நிரப்பி,
அளவுக் கம்பியை நான்கு முறை துடைத்து அனுப்பினேன்.
சத்தியம் பண்ணாத வேலைதான்
ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒன்பதாம் நாள் போன்.
"ஆரல்வாய்மொழியில நிக்கேன். நடுங்குகு."

அறுபதாயிரம் என்று எப்படிச் சொல்வது என
வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி கேட்டேன்:
"பிரேக்கைத் தொட்டீங்களா?"
"தொட்டேன்."
"நிண்ணுதா?"
"இல்ல. தொட்டாலும் நடுங்குகு, விட்டாலும் நடுங்குகு.
ஓரம்கட்டி ஆஃப் பண்ணிட்டுத்தான் பேசுகேன்.
இப்பவும் ஆடுகு."

போனுக்குள் ஓவென்று ஓர் இரைச்சல்.
அவர் குரல் அதில் போய்ப் போய் வந்தது.

"சிஸ்டர், அது ஆனிக் காத்து.
அது பிரேக் சொன்னா கேக்காது.
ரெண்டு கையாலயும் பிடிச்சுப் போங்க."